நாற்பத்தோரு வரிப் புறப்பாடு

புறப்பாட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இவரைச் சோம்பேறிகளோடு சேர்த்துவிடாதீர்கள். சோம்பேறி படுத்துக்கொள்வான்; இவர் உட்காரக்கூட மாட்டார். வரமாட்டேன் என்றும் ஒருநாளும் சொல்லமாட்டார். காலை ஆறு மணிக்கே குளித்து, முகம் மழித்து, பையில் மாற்றுக் காலுறை வைத்து, அந்த மாற்றுக் காலுறைக்கு ஒரு மாற்று வைத்து, வரைபடத்தை விரித்து, மடித்து, மடிப்பு சரியில்லை என்று மறுபடி விரித்து, வாசல்வரை வந்து, கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி, மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்து, கண்ணை நம்பாமல் ஒருமுறை திறந்து மூடி, மறுபடி வாசலுக்கு வருவார். அப்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொள்ளும். "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். முகத்தில் ஏமாற்றம் தெரியுமா என்றால் தெரியாது. போய்வந்த களைப்புத்தான் தெரியும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத மாதிரிகளைப் பார்க்க வேண்டுமானால் லண்டனுக்கு மேற்கே எங்கள் ஊருக்கு, மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாரணர் மண்டபத்துக்கு வரவேண்டும். 'கலங்கரை ஒன்பது' அன்பர் சங்கம் அங்கேதான் கூடுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அதன் செயலாளர். குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன.

'கலங்கரை ஒன்பது' எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில், பெயிண்ட் கிடங்குக்கும் சாக்லேட் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில், அறுபதுகளில் எடுக்கப்பட்ட பொம்மைத் தொடர். கம்பியில் தொங்கும் இரண்டடிப் பொம்மைகள். வாரம் ஒருவர் எங்காவது மாட்டிக்கொள்வார்: சுரங்கத்தில், மூழ்கும் கப்பலில், இடிந்த பாலத்தின் நுனியில். கமாண்டர் பெல்லமி தலைமையில் ஐந்து வீரர்கள் ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்து பறந்து போய்க் காப்பாற்றுவார்கள். வீரர்களுக்கு ஒரே ஒரு குறை. நடக்க வராது. நடக்கவிட்டால் சனிக்கிழமை மதுக்கடை வாசலில் நிற்பவர்களைப்போல் ஆடுவார்கள். ஆகவே ஐவரையும் நாற்காலியில் உட்காரவைத்தே எல்லாம் நடக்கும். நாற்காலி கீழே இறங்கும், பக்கவாட்டில் நழுவும், ஒரு கதவு திறக்கும், இன்னொரு கதவு திறக்கும், யாரோ ஒரு நிஜ மனிதரின் கை நெருக்கத்தில் தெரிந்து ஒரு பொத்தானை அழுத்தும், ஒன்பது விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும், "எல்லா விளக்கும் பச்சை!" என்பார் கமாண்டர், பாறை பிளக்கும், வண்டி கிளம்பும்.

இருபத்தாறு கதைகளையும் நிறுத்துகடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். புறப்பாடு, சராசரியாக ஏழு நிமிடம் இருபது வினாடி. காப்பாற்றுதல், இரண்டு நிமிடம் ஐந்து வினாடி.

இதற்குக் காரணம் என்ன? பெரில் ஹாட்சர்ட் அம்மையார் சொல்லியிருக்கிறார். இருபது வயதில் அந்தக் கொட்டகையில் பொம்மைத் தலைகள் செய்தவர். இப்போது எழுபத்தொன்பது வயது. எங்கள் சங்கத்தில் அந்தத் தொடரில் உண்மையாகவே வேலை பார்த்த ஒரே ஆள். அதனாலோ என்னவோ அவர் பேச்சை நாங்கள் அதிகம் கேட்பதில்லை.

"வாரம் ஒரு கதை முடிச்சுக் குடுக்கணும். நேரமே பத்தாது. புறப்படற காட்சியை ஒரே ஒரு தடவைதான் எடுத்தோம். அதையே வெட்டி வாராவாரம் ஒட்டிடுவோம். ஏழு நிமிஷம் மிச்சம் பாருங்க."

எங்கள் தலைவர் லெஸ்லி ட்ரான்டர் இதைக் கேட்டுப் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் காட்டுகிற புன்னகை. "வெளியில அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க, பெரில்" என்றார்.

ட்ரான்டரைப்பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், பிறர் பிறந்தநாளை மறக்காதவர். வீட்டு முன்னால் ஒரு பயண வண்டி வைத்திருக்கிறார், காரின் பின்னால் பூட்டி இழுத்துப்போய் உள்ளேயே படுத்துத் தூங்கும் வகை. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் கழுவுகிறார், டயருக்குக் காற்று பார்க்கிறார், உள்ளே இருக்கும் ஆறு கரண்டிகளையும் எண்ணுகிறார். அந்த வண்டி இதுவரை போன அதிகபட்ச தூரம் வீட்டு வாசல் கேட். அதுவும் பின்பக்கமாக. போன ஆகஸ்டில் அவர் மனைவி மேரியன் பொறுத்துப்பார்த்துவிட்டு, தங்கையோடு பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய், நான்கு நாள் கழித்து மூக்கு நுனி சிவந்து திரும்பினார். ட்ரான்டர் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எங்க போயிட்டு வர்றே?"

"நீங்க கிளம்பிட்டிருந்த இடத்துக்குத்தான்" என்றார் மேரியன். "உங்களை விசாரிச்சாங்க."

புறப்பாட்டுக்காரரை அவருடைய வாக்கியங்களை வைத்தே இனங்காணலாம். "அவசரப்பட்டா அரைகுறையாத்தான் முடியும்" என்பது ஒன்று. "ஒரே நிமிஷம்" என்பது இன்னொன்று. அந்த நிமிடத்தை நான் அளந்திருக்கிறேன், பதினேழு நிமிடம். மூன்றாவதுதான் முக்கியமானது: "எல்லாரும் வந்தாச்சா?" வந்தாகிவிட்டது என்றால் அவர் முகம் லேசாக வாடும்.

போன மார்ச் மாதக் கூட்டத்தில் நடந்ததை இனி சொல்கிறேன். பெரிலையும் சேர்த்து இருபது பேர் இருந்தோம். காலை 9.10. ட்ரான்டரின் கைப்பேசி அடித்தது. எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், என் பேரு குர்மீத். தொழிற்பேட்டையில பழைய கொட்டகையை இடிக்கிறோம்ல, அந்த மேஸ்திரி. உங்க சங்கம் சுவத்துல ஒரு பலகை மாட்டியிருக்கே, அதுல இந்த நம்பர் இருந்துச்சு. பரண்ல உங்க பொம்மைங்க கிடக்கு சார். ஒரு கனமான மரப்பலகை, அதுல அஞ்சு நாற்காலி, அஞ்சு பொம்மை, எல்லாத்தையும் திருகாணி போட்டு இறுக்கிவெச்சிருக்கான் மகராசன். நாலு பேர் இல்லாம தூக்க முடியாது. இன்னொண்ணு தனியா நியூஸ்பேப்பர்ல சுத்திக் கிடக்கு. பன்னெண்டு மணிக்குக் குப்பை லாரி வரும். நானும் கேட்டைப் பூட்டிச் சாவியைக் குடுத்துடணும். அதுக்குள்ள நாலு பேரு ஒரு வேனோட வாங்க, ஏத்தி விடறேன்."

கமாண்டர் பெல்லமியும் நால்வரும் ஐம்பது வருடத்துக்குமுன் எரிந்துபோனதாகத்தான் எங்கள் குறிப்பேட்டில் இருந்தது.

பெரில் கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "தம்பி, அந்தத் தனியா கிடக்கிறவருக்கு இடது காது கொஞ்சம் பெருசா இருக்கா?"

காகிதம் கிழியும் சத்தம். "கொஞ்சமா? ஆனைக் காது ஆன்ட்டி!"

பெரில் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருடைய அப்பா.

அப்பா பஸ் கண்டக்டர். எங்கள் ஊர் வழியே பாத் ரோட்டில் ஓடும் தடம். முகங்கள் போதாத ஒரு வாரம் பெரில் அப்பாவைச் சமையலறையில் உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து அந்தத் தலையைச் செய்தார். பின்னால் ஒரு குளிர்காலத்தில் வீட்டில் குழாய் வெடித்து, ஆல்பம் முழுக்கக் கஞ்சியானது. அப்பாவின் முகம் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் காதுப் பொம்மை ஒன்றுதான். தொடரில் அவருக்குப் பெயர் கிடையாது. மாட்டிக்கொள்கிறவர், அவ்வளவே. விக்கையும் மீசையையும் மாற்றி மாற்றி ஒட்டி, சுரங்கத் தொழிலாளியாக, மாலுமியாக, ஒருமுறை பாதிரியாராக, இருபத்தாறு கதைகளில் பதினொன்றில் அவரையேதான் காப்பாற்றினார்கள். எங்கள் பதிவேட்டில் வீரர்களுக்கு ஆளுக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இவர் இருப்பது கடைசிப் பக்கத்தில், 'பிற' என்ற தலைப்பின்கீழ்.

பெரில் எழுந்து கோட்டை எடுத்தார். "வாங்க, போகலாம். ரெண்டே ஸ்டாப்தான்."

"யாரும் அசையாதீங்க!" என்றார் ட்ரான்டர்.

மீட்புப் பணியின் முதல் கட்டளை இதுதான். குறித்துக்கொண்டேன்.

"பெரில், உங்க மனசு புரியுது. ஆனா உணர்ச்சிவசப்பட்டுத்தான் உலகத்துல விபத்தெல்லாம் நடக்குது. அவசரப்பட்டா அரைகுறையாத்தான் முடியும். கமாண்டர் இருந்தா என்ன செய்வாரு?"

"உக்காந்திருப்பாரு" என்றார் பெரில். "இடுப்புல திருகாணி போட்டதே நான்தான்."

இதற்குள் ட்ரான்டர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட தாளை எடுத்துவிட்டார். தொடரின் புறப்பாட்டைக் காட்சி காட்சியாகப் பிரித்து, பதினான்கு கூட்டங்களில் விவாதித்து, சங்கத்துக்காக நாங்கள் உருவாக்கிய புறப்பாட்டு ஒழுங்கு, நாற்பத்தோரு வரி. அதுவரை ஒத்திகை மட்டுமே நடந்திருக்கிறது. இன்று நிஜம். அவர் உறையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வரி ஒன்று" என்றார்.

கொட்டகை ஒன்றேகால் மைல் தூரத்தில் இருந்தது.

வரி ஆறு, ஆள் எண்ணிக்கை. வருகைப் பதிவேட்டில் இருபது, மண்டபத்தில் பத்தொன்பது. கழிவறையில் பார்த்தோம். பின்வாசலில் பார்த்தோம். மறுபடி எண்ணினோம், எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணியதில் பதினெட்டு வந்தது. பதினோரு நிமிடம் கழித்துத்தான் என் குறிப்பைப் பார்த்தேன்: '9.31, ஓர் உறுப்பினர் வெளியேறினார். கையில் சக்கரம் வைத்த சந்தைத் தள்ளுபை.' என் கையெழுத்துத்தான். எழுதினேனே தவிர, ஏன் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

"பாருங்க, இப்படித்தான் ஒழுங்கு கெடுது" என்றார் ட்ரான்டர் வருத்தத்தோடு.

வரி பன்னிரண்டு, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். பத்தொன்பது பேரும் கையெழுத்திட வேண்டும். பேனா ஒன்று. அது பெரிய தடையில்லை. "நீங்க முதல்ல", "சேச்சே, நீங்க போடுங்க", "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அவங்களை விடுங்க" என்று எங்கள் ஊர் மரியாதை குறுக்கே வந்ததுதான் தடை. முப்பத்திரண்டு நிமிடம். வரி பதினேழு, தகவல் தொடர்பு மௌனம்: புறப்பாடு முடியும்வரை எல்லாக் கைப்பேசிகளும் அணைக்கப்பட வேண்டும். அணைத்தோம். வரி இருபத்து மூன்று, ஒளிரும் மஞ்சள் சட்டை. பெரிய அளவு எல்லாம் ஒல்லியானவர்களுக்கும் சின்ன அளவு எல்லாம் ராட்னி பிம்முக்கும் வந்துசேர்ந்தன. இந்த ராட்னிதான் எங்கள் தேநீர்ப் பொறுப்பாளர். வரி முப்பதில், மண்டபத்தின் மின்சாரத்தை அணைக்கும் கட்டத்தில், அவர் கை தூக்கினார்.

"லெஸ், டீக் கொதிகலன் இப்பத்தான் சத்தம் போட ஆரம்பிச்சிருக்கு. பாதிக் கொதியில அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து."

பத்தொன்பது பேரும் கொதிகலனைப் பார்த்தோம். யாராவது ஒருவர் 'அது கிடக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். வாசகரே, நீங்கள் எப்போதாவது ஆங்கிலேயர்கள் மத்தியில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? குடித்தோம். நின்றுகொண்டே குடித்தோம், அவசரம் தெரிந்தவர்கள்தானே.

11.46. "எல்லா விளக்கும் பச்சை!" என்றார் ட்ரான்டர். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வேன், மூன்று கார், ஒன்றன்பின் ஒன்றாக, வரி முப்பத்தொன்பதில் குறித்திருக்கும் வேகத்தில் போனோம். எங்கள் பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போனார். தொழிற்பேட்டைத் திருப்பத்தில் எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. சாலை குறுகல். ட்ரான்டர் கை காட்டி எங்கள் அணிவகுப்பை ஓரங்கட்டி நிறுத்தி, லாரிக்கு வழிவிட்டார். ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொன்னார். நாங்களும் உயர்த்தினோம்.

12.04. கேட்டில் குர்மீத் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பதினாலு தடவை போன் அடிச்சேன்!"

"புறப்பாட்டு நேரத்துல போனை அணைச்சிருக்கணும்" என்று விளக்கினார் ட்ரான்டர்.

"எங்கேர்ந்து புறப்பட்டீங்க, சந்திர மண்டலத்துல இருந்தா?"

"சாரணர் மண்டபம்."

குர்மீத் அந்தத் திசையைப் பார்த்தார். எங்கள் மஞ்சள் சட்டைகளைப் பார்த்தார். "நடந்து வந்திருந்தாலே ரெண்டு நடை எடுத்திருக்கலாமேய்யா. கேட் ஓரமா கொண்டாந்து வெச்சிருந்தேன், கடைசி நிமிஷம் வரைக்கும். லாரிக்காரன் கத்தினான், ஏத்திட்டேன். எதிர்லதானே போச்சு, பாக்கலையா?"

எதிர்ச் சாரியில் ஒரு தேநீர்க் கடை. அதிலிருந்து பெரில் தள்ளுபையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். பைக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. இடது காது பெரியது. மாலுமி மீசை பாதி உரிந்திருந்தது.

ட்ரான்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "கமாண்டர் எங்க?"

"லாரியில."

"பெரில்! இருந்திருந்து இவரையா எடுத்தீங்க? இவர் 'பிற'!"

"இவருக்குத்தான் நாற்காலி இல்ல. தூக்க முடிஞ்சுது" என்றார் பெரில். "பத்து மணிக்கே எடுத்துட்டேன். கமாண்டரைத் தூக்க நாலு பேர் வேணும். அதான் கடையில உக்காந்து பாத்துட்டிருந்தேன். கமாண்டருக்கு நீங்க பத்தொன்பது பேர் வர்றீங்களே."

தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருப்பதுபோல் நின்றோம். விமானம் போனபிறகும் நின்றோம்.

"குப்பைக் கிடங்குக்குத்தான் போகும் அது" என்றார் பெரில், இப்போது குரல் தணிந்து. "போனதும் நசுக்க மாட்டாங்க. எடை போடணும், சீட்டு வாங்கணும். இருபது நிமிஷ வழி. இப்பவே வண்டியைத் திருப்புங்க, லெஸ்லி. ஒண்ணும் ஆகல இன்னும்."

அந்த ஒரு கணம் ட்ரான்டர் போய்விடுவார் என்றே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆறு வயதிலிருந்து அவருக்குக் கமாண்டர்தான் எல்லாம். கை கார்க் கதவின் பிடிவரை போனது. பிடியைத் தொட்டது. பிறகு, தானாகவே, சட்டைப்பைக்குப் போனது.

"துரத்தறதுன்னா அது தனிப் புறப்பாடு" என்றார். "வரி ஒன்று."

குர்மீத் சங்கிலியை விட்டுவிட்டு வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஆன்ட்டி, இவங்க யாரு? நிஜமாவே இவங்கதானா உங்க ஆளுங்க?"

"பொம்மைங்களுக்கு நான் கம்பி கட்டியிருக்கேன்" என்றார் பெரில். "இவங்களுக்கு எங்க கட்டறதுன்னு தெரியலை." பஸ் வந்தது. ஏறி, தள்ளுபையை ஜன்னல் பக்கம் நிறுத்தி, மீசையைப் பிய்த்து எடுத்துவிட்டு, அந்த முகத்தைச் சாலை பார்க்கத் திருப்பி வைத்தார். அவர் அப்பா வருடக்கணக்காகச் சீட்டுக் கிழித்த அதே தடம்.

கிடங்கில் ஐந்து நாற்காலிகளும் பலகையும் நசுக்கப்பட்டது 12.50. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 1.38. கிடங்குக் காவலாளி நேரத்தைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். ஏப்ரல் கூட்டத்தில் தலைவரின் அறிக்கை வாசிக்கப்பட்டது: 'வரலாற்றில் முதல்முறையாக ஒரே நாளில் இரண்டு புறப்பாடுகள், இரண்டும் குறையின்றி நிறைவேறின.' ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். பெரில் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த கூட்டங்களுக்கும் வரவில்லை. அவரை நேரில் போய்ப் பார்த்து வருத்தம் தெரிவிப்பதென்று ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. என்றைக்குப் போவது, யார் யார் போவது, பூ வாங்கிக்கொண்டு போவதா கேக் வாங்கிக்கொண்டு போவதா என்பதை ஒரு துணைக்குழு ஆராய்ந்துவருகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'நான் அங்கே இருந்திருந்தால் அந்த அம்மாவோடு அப்போதே பஸ் ஏறியிருப்பேன்.' மிகவும் சந்தோஷம். அந்தப் பத்தொன்பது பேரும் இன்று இதையேதான் சொல்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். என் பதில் உட்பட.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலோ, இரண்டு தெரு தள்ளியோ, ஒரு போன் தூரத்திலோ. இந்த வாரம் கட்டாயம் என்று போன வாரம் சொன்னீர்கள். நல்ல சட்டை சலவையிலிருந்து வரட்டும், மழை விடட்டும், கையோடு எடுத்துப்போக ஏதாவது கிடைக்கட்டும் என்று இருக்கிறீர்கள். சற்று முன்புகூட அவர் ஞாபகம் வந்தது. இதை மட்டும் படித்து முடித்துவிடலாம் என்று தோன்றியது. படித்து முடித்தாகிவிட்டது.

இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.